சவேரியார் கையில் இருந்த மணி

டிசம்பர் பிறந்தாலே எங்கள் குமரி மாவட்டத்தில் இரண்டு கொண்டாட்டம். 3-ஆம் தேதி கோட்டாறு சவேரியார் திருவிழா. மாவட்டத்துக்கே உள்ளூர் விடுமுறை. தேர்ப்பவனி பார்த்துத் திரும்பியதும் பிள்ளைகள் கிறிஸ்மஸ் குடிலுக்குப் புல் தேடக் கிளம்பிவிடுவார்கள்.

அந்த 3-ஆம் தேதி சவேரியார் இறந்த நாள். 1552-இல், சீனாவுக்குள் போகக் காத்திருந்தபோது, சான்சியான் தீவில் காய்ச்சலில் இறந்தார். வயது 46.

இன்றைய ஸ்பெயினின் நவாரா பகுதியில் பிறந்து பாரீசில் படித்தவர். 1542-இல் முத்துக்குளித்துறைக்கு வந்தபோது தமிழ் தெரியாது. இரு மொழியும் அறிந்தவர்களை வைத்து மன்றாட்டுகளைத் தமிழாக்கி மனப்பாடம் செய்தார். கையில் மணியோடு ஊரைச் சுற்றிப் பிள்ளைகளைக் கூட்டினார். அவர்கள் கற்றதை வீட்டாருக்கும் அயலாருக்கும் சொல்லிக்கொடுத்தார்கள். நோயாளிகளின் வீடுகளுக்கு மன்றாடப் போனதும் அந்தப் பிள்ளைகள்தான்.

இவற்றையெல்லாம் 1544 ஜனவரியில் எழுதிய கடிதத்தில் அவரே சொல்கிறார். கூடவே ஓர் ஆதங்கம்: இங்கே சொல்லிக்கொடுக்க ஆள் இல்லை, பாரீஸ் பல்கலைக்கழகத்துக்குப் போய்ப் பித்துப் பிடித்தவன்போலக் கத்தலாமா என்று தோன்றுகிறதாம்.

அந்த ஆதங்கம் என்னைச் சுட்டது. எங்கள் பங்கில் திருவிழா அலங்கார விளக்குக்கு நன்கொடை தரப் போட்டி. ஞாயிறு மறைக்கல்விக்கோ இரண்டே ஆசிரியர்கள். ஓய்வு பெற்ற நானும் இத்தனை நாள் சும்மாதான் இருந்தேன்.

வரும் ஞாயிறு முதல் போகிறேன். திருப்பலி முடிந்ததும் மணி அடிப்பேன். பிள்ளைகளை அனுப்பி வையுங்கள்.