எண்ணுக்கு இட்ட முத்திரை



மாணவர் புள்ளிகளைப் பதிவேட்டிற் பெயர்த்தெழுதும் ஆசிரியர் 45 என்பதை 54 என எழுதிவிடுவது அரிய நிகழ்ச்சியன்று. நிரலின் அடியிற் கூட்டுத்தொகை இருந்தால் பிழை அகப்பட்டுவிடும். ஆனால், ஓர் எண்ணுக்குள்ளேயே இரண்டு இலக்கங்கள் இடம் மாறினால், அவ்விலக்கங்களைக் கூட்டிப் பார்ப்பதாற் பயனில்லை. எப்படி மாற்றினும் தொகை ஒன்றே.

இச்சிக்கலுக்கு வழி கண்டவர் ஹான்ஸ் பீற்றர் லூன். 1896 இல் ஜேர்மனியிற் பிறந்து, அமெரிக்காவில் ஐ.பி.எம். நிறுவனத்திற் பணியாற்றியவர். எண்களைச் சரிபார்க்கும் சிறு கைப்பொறியொன்றுக்கு 1954 இல் காப்புரிமை கோரி, 1960 இல் அதனைப் பெற்றார்.

அவர் முறை எளியது. வலப்பக்கத்திலிருந்து ஒன்றுவிட்டொரு இலக்கத்தை இரட்டிக்க வேண்டும். வருவது ஈரிலக்கமானால் அவ்விரண்டையும் கூட்டிக்கொள்ள வேண்டும். 1954 என்ற எண்ணை எடுத்துக்கொள்வோம். 4 எட்டாகும், 5 மாறாது, 9 பதினெட்டாகி மீண்டும் ஒன்பதாகும், 1 மாறாது. தொகை 23. அதனை 30 ஆக்க வேண்டியது 7. ஆதலின் 19547 என எழுதுகிறோம். யாரேனும் 1945 என மாற்றி எழுதினால் தொகை 15. வேண்டிய இலக்கம் 5. ஈற்றில் நிற்பதோ 7. குட்டு வெளிப்பட்டுவிடும். கடன் அட்டை எண்களின் ஈற்றிலக்கம் இன்றும் இவ்வாறே கணிக்கப்படுகிறது. ஆயினும் 09 என்பது 90 ஆனால் லூனின் முறையும் ஏமாந்துவிடும்!

கைதவறுதல் வேறு, வஞ்சகம் வேறு. முறையை அறிந்த வஞ்சகன் ஈற்றிலக்கத்தையும் தானே மாற்றிவிடுவான். ஆகவே, எத்துணை நீண்ட ஆவணத்தையும் சுருக்கிக் கைரேகை போன்றதோர் அடையாளம் தரும் கணிப்பு முறைகள் பின்னர் எழுந்தன. றொனால்ட் றிவெஸ்ற் 1992 இல் வெளியிட்ட எம்.டி.5 அவற்றுட் புகழ்பெற்றது. அது தருவது 32 குறிகள். பத்து இலக்கங்களும் ஆங்கில நெடுங்கணக்கின் முதல் ஆறு எழுத்துக்களும் விரவி வரும். 2004 இல் சீனப் பேரறிஞை வாங் சியாவோயுன் குழுவினர், வெவ்வேறான இரு தரவுகளுக்கு ஒரே ரேகை வருவதை எடுத்துக்காட்டினர். அன்றோடு அம்முத்திரையின் மதிப்புக் குன்றிற்று. அதன் இடத்தை 64 குறிகள் தரும் எஸ்.எச்.ஏ.-256 பெற்றது.

இன்று இவ்வேலைக்குப் பெரும்பொறி வேண்டியதில்லை. பைதன் என்னும் கணினி மொழியில், 2006 முதல் அதனோடு வரும் ‘ஹாஷ்லிப்’ என்ற தொகுதியை அழைத்தால், இரண்டு மூன்று வரிகளிற் காரியம் முடிந்துவிடும்.

இடர்ப்பாடு கணினியிடம் இல்லை; நம்மிடம் இருக்கிறது. 64 குறிகளையும் ஒப்பு நோக்கும் பொறுமை யாருக்குண்டு? முதல் எட்டைப் பார்த்துத் திருப்தியடைகிறோம். அந்த எட்டை மட்டும் பொருந்தச் செய்யச் சுமார் 429 கோடி முயற்சிகள் போதும்; சாதாரணக் கணினிக்கே அது பெரும்பாரமன்று. பார்க்காமல் விட்ட குறிகளிலேதான் கள்வன் ஒளிந்திருப்பான்.

இதனை உணர்ந்தே 1995 இல் பற்றிக் யுவோலாவும் பிலிப் சிமர்மனும் தொலைபேசியில் வாசித்துச் சொல்லத்தக்க சொற்பட்டியலொன்றை அமைத்தனர். இரண்டு குறிகளுக்கு ஓர் ஆங்கிலச் சொல். 64 குறிகளும் 32 சொற்களாகும். ஒற்றை இடங்களுக்கு ஈரசைச் சொற்கள் 256. இரட்டை இடங்களுக்கு மூவசைச் சொற்கள் 256. லூன் எண்களிற் பிடித்த அதே இடமாற்றத்தை இவர்கள் செவியாற் பிடித்தனர். மூவசைச் சொல் வரவேண்டிய இடத்தில் ஈரசைச் சொல் ஒலித்தால், மறுமுனையிற் கேட்டுக்கொண்டிருப்பவர் உடனே வாசிப்பவரை நிறுத்தி, மீண்டும் சொல்லும்படி கேட்கலாம்.