ஏட்டில் ஏறாத பள்ளி வரலாறு



நம் ஆலய யூபிலி விழாவை முன்னிட்டு மலர் ஒன்று வெளியிடுவதென விழாக் குழு தீர்மானித்தபோது, மணிக்கூண்டின் நிழலிலேயே வளர்ந்த நம் தொடக்கப் பள்ளியின் வரலாறும் அதில் இடம்பெற வேண்டும் என்று எல்லோரும் ஒருமனதாகக் கேட்டுக்கொண்டனர். பங்குத்தந்தையே பள்ளியின் தாளாளராகவும் இருப்பதால் அப்பொறுப்பு நம்மிடம் வந்து சேர்ந்தது. அலமாரியைத் திறந்து பழைய ஏடுகளைப் புரட்டினால் பத்து நாளில் எழுதி முடித்துவிடலாம் என்று எண்ணினோம். எட்டு மாதங்கள் ஆகிவிட்டன. அது ஏன் என்பதைச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஏடுகள் சொன்னவை

சேர்க்கைப் பதிவேடு, வருகைப் பதிவேடு, ஆய்வாளர் வந்து குறிப்பு எழுதிச் செல்லும் ஏடு, மானியக் கணக்கு. கறையான் அரித்தது போக அலமாரியில் எஞ்சியவை இவ்வளவே. 1854-ஆம் ஆண்டின் உட் கல்வி அறிக்கையை அடுத்து, தனியார் நடத்தும் பள்ளிகளுக்கு அரசு மானியம் தரும் முறை நம் நாட்டில் வேரூன்றியது. மானியம் வேண்டுமானால் கணக்கு வேண்டும். ஆகவே பள்ளி ஏடுகளில் பெரும்பாலானவை மானியத்தை மனத்தில் கொண்டு எழுதப்பட்டவை. எத்தனை பிள்ளைகள் பெயர் கொடுத்தனர், எத்தனை நாள் வந்தனர், கூரை ஒழுகுகிறதா, கரும்பலகை உண்டா என்பனவற்றை அவை சொல்லும். பிள்ளைகள் அங்கே எப்படி இருந்தார்கள் என்பதைச் சொல்லமாட்டா.

சொல்லும் செய்தியும் எப்போதும் சரியாக இருக்கிறதா? சேர்க்கைப் பதிவேட்டில் உள்ள பிறந்த நாட்களைக் கோயிலின் ஞானஸ்நான ஏட்டோடு ஒப்பிட்டுப் பார்த்தோம். பலருக்கு நாள் மட்டுமன்று, ஆண்டே பொருந்தவில்லை. காரணம் பெரியவர்களுக்குத் தெரியும். வலக்கையைத் தலைக்கு மேலாகக் கொண்டுபோய் இடக்காதைத் தொட்டுவிட்டால் பிள்ளைக்கு ஐந்து வயது ஆகிவிட்டது என்று கொள்வார்கள். பள்ளி திறக்கும் காலத்தை ஒட்டி ஒரு தேதியை ஆசிரியரே போட்டுவிடுவார். அந்தத் தேதியோடுதான் பலர் வேலைக்குப் போய் ஓய்வும் பெற்றிருக்கிறார்கள். 1563-இல் திரெந்து பொதுச்சங்கம் பங்குதோறும் ஏடு வைக்கச் சொன்னதன் பயனை அன்று நன்றியோடு நினைத்தோம்.

ஏடு போதாது என்று தெரிந்தபின், படித்தவர்களிடமே கேட்பதென முடிவு செய்தோம். இது புதிய வழியன்று. புனித லூக்கா தம் நற்செய்தியின் தொடக்கத்திலேயே, கண்ணால் கண்டவர்களிடம் கேட்டு, யாவற்றையும் ஆராய்ந்து, முறைப்படுத்தி எழுதுவதாகக் கூறுகிறார். திருச்சபையின் முதல் வரலாற்று ஆசிரியர் கையாண்ட வழி நமக்கும் ஏற்றதே.

ஆண்டு மறந்தவர்க்கு அணா மறக்கவில்லை

ஞாயிறு திருப்பலி முடிவில் அறிவிப்புக் கொடுத்தோம். நம் இளைஞர் சிலர் கைப்பேசியில் பேச்சைப் பதிவு செய்ய முன்வந்தனர். முதியவர்களிடம் “எந்த ஆண்டு படித்தீர்கள்?” என்று கேட்டால் விடை கிடைப்பதில்லை. ஆனால் வேறு விதமாகக் கேட்டால் ஆண்டு தானே வெளிப்படும் என்பதைச் சில நாட்களில் கற்றுக்கொண்டோம்.

அணா, பைசா கணக்குப் போட்டீர்களா, நயா பைசா கணக்கா என்று கேட்போம். நயா பைசா 1957 ஏப்ரல் முதல் நாள் வந்தது. அரை நாள் மட்டும் பள்ளி நடந்தது நினைவிருக்கிறதா என்போம். ராஜாஜி அரசு 1953-இல் கிராமத் தொடக்கப் பள்ளிகளில் நாளுக்கு மூன்று மணி நேரமே பாடம் என்று மாற்றியது. 1954-இல் காமராசர் முதல்வரான பின் அத்திட்டம் கைவிடப்பட்டது. “காலையில போய்ட்டு மத்தியானம் ஆடு மேய்க்கப் போயிருவேன், சாமி” என்று ஒரு பெரியவர் சொன்னதுமே அவர் படித்த ஆண்டு தெரிந்துவிட்டது.

வயிறு இன்னும் நன்றாக நினைவு வைத்திருக்கிறது. 1956-இல் தொடங்கிய மதிய உணவை உண்டவர்கள் ஒரு தலைமுறை. 1960-களில் வெளிநாட்டு உதவியாக வந்த பால் மாவையும் மக்காச்சோள உப்புமாவையும் மணத்தோடு நினைவுகூர்பவர்கள் அடுத்தவர்கள். 1982-இன் சத்துணவையும், 1989-இல் அதனோடு சேர்ந்த முட்டையையும் சொல்பவர்கள் அவர்களுக்கும் பின் வந்தவர்கள். 2024 முதல் ஊர்ப்புறத்து உதவி பெறும் பள்ளிகளிலும் காலை உணவு கிடைக்கிறது என்று சொன்னபோது ஒரு மூதாட்டி, “எங்களுக்குக் கிடைச்சிருந்தா நானும் அஞ்சாப்பு முடிச்சிருப்பேன்” என்றார்.

பீடச் சிறுவர்களாக இருந்தவர்களுக்கு மற்றோர் அடையாளம் உண்டு. பொருள் தெரியாமலே லத்தீனில் மறுமொழி சொன்னவர்கள் இரண்டாம் வத்திக்கான் சங்கத்திற்கு முன் படித்தவர்கள். சங்கம் 1963 டிசம்பர் 4-இல் திருவழிபாட்டைப் பற்றிய ஏட்டை வெளியிட்ட பின்னரே பூசையில் தாய்மொழி நுழைந்தது.

எரிகோவின் குருடர்கள்

நினைவுகள் ஒன்றோடொன்று முரண்படவும் செய்தன. பள்ளி மணியாகப் பயன்பட்ட தண்டவாளத் துண்டு வேப்பமரத்தில் தொங்கியது என்றார் ஒருவர். அவரோடு ஒரே பலகையில் உட்கார்ந்து படித்தவர், “வேம்பு எங்கே இருந்தது? புங்கமரம்லே!” என்று மறுத்தார். இருவரும் நம் முன்னிலையிலேயே சிறு பிள்ளைகளைப் போல் வழக்காடினர்.

எரிகோவில் ஆண்டவர் பார்வை அளித்தது இரண்டு குருடர்களுக்கு என்கிறார் மத்தேயு. பர்த்திமேயு என்ற ஒருவரையே சொல்கிறார் மாற்கு. திருச்சபை இதற்காக எந்த நற்செய்தியையும் திருத்தவில்லை, இரண்டையும் போற்றிக் காத்தது. நாமும் வேம்பையும் புங்கையும் எழுதி வைத்தோம். மரம் எதுவானாலும் தண்டவாளம் ஒலித்ததும், கோவை இலையால் சிலேட்டைத் தேய்த்துக்கொண்டிருந்த பிள்ளைகள் எழுந்து ஓடியதும் இருவர் சொல்லிலும் உள்ளன.

அழைப்பைக் கேட்டு வந்தவர்கள் யார் என்பதையும் கவனித்தோம். பெரும்பாலோர் ஓய்வு பெற்ற ஆசிரியர்கள், அரசு அலுவலர்கள், வெளியூரில் நல்ல நிலையில் இருப்பவர்கள். மூன்றாம் வகுப்போடு நின்றவர்கள் வரவில்லை. பெண்கள் மிகக் குறைவு. பள்ளியால் உயர்ந்தவர்களிடம் மட்டும் கேட்டு எழுதினால் அது பாராட்டு மடலாகவே முடியும். ஆகவே அன்பியக் கூட்டங்களுக்குச் செல்லும்போது வீடு வீடாகக் கேட்கத் தொடங்கினோம். “நாங்கள்லாம் படிச்சவங்களா, சாமி?” என்பதே பல வீடுகளில் முதல் மறுமொழி.

ஒரு குவளைத் தண்ணீர்

அப்படிச் சென்ற ஒரு வீட்டில் மூதாட்டி ஒருவர் வெகு நேரம் பேசாதிருந்தார். அணாக் கணக்கில் தொடங்கி நயா பைசாவில் முடித்தவர் அவர். பிறகு சொன்னார்: “தாழ்வாரத்துல தண்ணிப் பானை இருக்கும், சாமி. எங்க தெருப் பிள்ளைங்க தொடக் கூடாது. டீச்சர் மேலேருந்து ஊத்துவாங்க. ரெண்டு கையையும் குவிச்சுக் குடிக்கணும். பாதித் தண்ணி பாவாடையிலதான் போகும்.”

நாம் எழுதுவதைப் பார்த்துவிட்டு மேலும் சொன்னார்: “எழுதுங்க. ஆனா டீச்சர் பேரைப் போட்றாதீங்க. அவங்கதான் என் கையைப் பிடிச்சு ஆனா எழுதச் சொல்லிக்கொடுத்தாங்க.”

தீண்டாமையை அரசியல் சட்டம் 1950-இலேயே ஒழித்தது. அதைக் குற்றமாக்கித் தண்டிக்கும் சட்டமும் 1955-இல் வந்துவிட்டது. அதன் பின்னரும் சிலுவை தாங்கிய நம் தாழ்வாரத்தில் அந்தப் பானை அப்படியே இருந்திருக்கிறது. சின்னஞ்சிறியவருக்குக் கொடுக்கும் ஒரு குவளைத் தண்ணீருக்கும் கைம்மாறு உண்டு என்று ஆண்டவர் மொழிந்ததை அந்தப் பள்ளியிலேதான் பிள்ளைகள் மனப்பாடம் செய்தார்கள்.

வீடு திரும்பியதும் நம் கையெழுத்துப் படியை எடுத்துப் பார்த்தோம். முதல் பக்கத்திலேயே, “தொடக்க நாள் முதல் சாதி மத பேதமின்றி அனைவருக்கும் கல்வி புகட்டி வந்துள்ளது” என்று எழுதியிருந்தோம். எல்லா மலர்களிலும் காணப்படும் வாக்கியம்தான். கை தானாகவே எழுதிவிட்டது. அதை அடித்தோம்.

விழாக் குழுவில் இதைத் தெரிவித்தபோது, மதிப்பிற்குரிய பெரியவர் ஒருவர், “விழா நேரத்துல இது வேணுமா, சாமி? அந்தக் காலம் அப்படி. இப்பப் பிள்ளைங்க ஒண்ணாத்தானே சாப்பிடுறாங்க?” என்று கேட்டார். அவர் கெட்ட எண்ணத்தோடு கேட்கவில்லை. உண்மையைச் சொன்னால் நாமும் இரண்டு இரவு தயங்கினோம்.

நம் தயக்கத்தைத் தீர்த்தவை மூன்று. முதலாவது, மேதகு அப்துல் கலாம் அவர்களின் நினைவு. இராமேசுவரத்தில் ஐந்தாம் வகுப்புப் படிக்கையில், அர்ச்சகரின் மகனோடு முன் வரிசையில் அமர்ந்திருந்த தம்மைப் புதிய ஆசிரியர் பின்வரிசைக்கு அனுப்பியதையும், அந்த அர்ச்சகரே ஆசிரியரை அழைத்துக் கண்டித்ததையும், ஆசிரியர் மனம் மாறியதையும் அவர் 1999-இல் வெளிவந்த தம் நூலில் கூறியிருக்கிறார். இதனால் அவ்வூரின் பெருமை குறையவில்லை, கூடியது. இரண்டாவது, இந்திய ஆயர் பேரவை, சாதி வேற்றுமை பாராட்டுவது பாவம் என்று அறிவித்தது. பாவம் என்றால் அறிக்கையிட வேண்டும். மூன்றாவது, மாபெரும் யூபிலி ஆண்டில், 2000 மார்ச் 12-இல், திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் திருச்சபையின் மக்கள் செய்த பிழைகளுக்காகப் புனித பேதுரு பேராலயத்தில் இறைவனிடம் மன்னிப்பு வேண்டினார். நினைவைத் தூய்மைப்படுத்துதல் என்று அதற்குப் பெயர் சொன்னார்கள். லேவியர் ஆகமத்தின்படி ஐம்பதாம் ஆண்டு யூபிலியில், விற்ற நிலம் உரியவரிடம் திரும்ப வேண்டும். நம்மிடம் திருப்பித் தர நிலம் இல்லை. அந்த மூதாட்டிக்கு உரிய உண்மையைத் திருப்பித் தரலாம்.

ஆகவே அடித்த வாக்கியத்திற்குப் பதிலாக இப்படி எழுதியுள்ளோம்: “நம் பள்ளி எல்லாப் பிள்ளைகளையும் சேர்த்துக்கொண்டது. எல்லாரையும் ஒன்றுபோல் நடத்தவில்லை. அதற்காகப் பங்கு மன்னிப்புக் கேட்கிறது.” கேள்வி எழுப்பிய பெரியவரே, மலர்க் குழுவின் சார்பில் இதற்கு இசைவு தந்தார்.

பானை எப்போது போயிற்று என்றும் விசாரித்தோம். “பூசை தமிழ்ல வந்ததுக்கு அப்புறம் முற்றத்துல அடிபம்பு போட்டாங்க” என்றார் ஒருவர். அடிபம்பில் தனியாகத் தண்ணீர் குடிக்க முடியாது. ஒருவர் அடிக்க வேண்டும், ஒருவர் குடிக்க வேண்டும். எந்தத் தெருப் பிள்ளை அடித்தது, எந்தத் தெருப் பிள்ளை குடித்தது என்று பார்க்க அவசரத்தில் எவருக்கும் நேரமில்லை. எந்த ஏட்டிலும் இடம்பெறாத அந்த அடிபம்பு, நம் பள்ளி வரலாற்றில் ஓர் அதிகாரம் பெறுகிறது.

இனி உங்களிடம் ஒரு வேண்டுகோள். வேலை முடிந்துவிடவில்லை. பள்ளிக் குழுப்படம், சான்றிதழ், பழைய நோட்டுப் புத்தகம் எதுவானாலும் பங்கு இல்லத்திற்குக் கொண்டு வாருங்கள். படி எடுத்துக்கொண்டு அன்றே திருப்பித் தருவோம். பாதியில் நின்றவர்களும் வாருங்கள், அடி வாங்கியவர்களும் வாருங்கள். வர இயலாத முதியவர்கள் சொல்லி அனுப்பினால் நாமே வருவோம். பெயர் வேண்டாம் என்றால் பெயர் வராது. கடந்த எட்டு மாதங்களில், பதிவு செய்ய நாள் குறித்திருந்த மூவரை நல்லடக்கம் செய்தோம். அவர்களோடு மூன்று பள்ளிக்கூடங்களும் மண்ணுக்குள் போய்விட்டன.

அந்த மூதாட்டி கேட்டபடி ஆசிரியையின் பெயரை நாம் எழுதவில்லை. ஆனால் அவர் ஆன்மாவுக்காகவும், அவர் கைபிடித்து எழுத்தறிவித்த பிள்ளைகளுக்காகவும் விழா நாள் திருப்பலியை ஒப்புக்கொடுக்கிறோம். நீங்களும் உடன் செபியுங்கள். இறைவன் நம் பங்கையும் பள்ளியையும் நிறைவாக ஆசீர்வதிப்பாராக!