கப்பியும் இயக்கத்தின் இரு அளவைகளும்

ஒரு கப்பி, அதன்மேற் செல்லும் ஓர் இழை, இழையின் இரு முனைகளிலும் இரு திணிவுகள். பாடசாலைப் பௌதிக நூல்களிற் பெரிதும் பயின்றுவரும் கணக்குக்களுள் இதுவும் ஒன்று. ஆயின், இதில் மாணவர் காணவேண்டிய ஆர்முடுகலும் இயக்கசக்தியும் ஒரே காலத்திலோ ஒரே தேவையின் பொருட்டோ தோன்றிய கருத்துக்கள் அல்ல.

இக்கருவியை அமைத்தவர் கேம்பிரிட்ஜ் திரினிற்றிக் கல்லூரியைச் சேர்ந்த ஜோர்ஜ் அற்வூட் (1745–1807). இதனை விளக்கும் அவரது நூல் 1784இல் வெளிவந்தது. தடையின்றி விழும் பொருளின் இயக்கம் செம்மையாக அளத்தற்கரிய விரைவுடையது. கலிலியோ சாய்தளத்தின் துணைகொண்டு அதனை மந்தப்படுத்தினார். அற்வூட் ஏறத்தாழச் சமமான இரு திணிவுகளை எதிரெதிரே தொங்கவிட்டு அதனைச் சாதித்தார். இங்கே இயக்கும் விசை இரு நிறைகளின் வித்தியாசம். இயக்கப்படுவதோ இரு திணிவுகளின் கூட்டுத்தொகை. 1050 கிராமும் 950 கிராமும் தொங்குமாயின், ஆர்முடுகல் புவியீர்ப்பு ஆர்முடுகலின் இருபதில் ஒரு பங்காகும். அதாவது செக்கனுக்குச் செக்கன் 0.49 மீற்றர். கப்பியின் அச்சைச் சிறு சில்லுகளின்மேல் இருத்தி உராய்வைக் குறைத்த அற்வூட், கப்பியின் சடத்துவத்தையும் கணக்கிற் சேர்த்தார். நியூற்றனின் விதிகளைக் கண்முன் நிறுவிக் காட்டுவதே அவரது நோக்கமாகும்.

இயக்கசக்தியின் வரலாறு வேறு. இயக்கத்தின் அளவையாக டெக்காட் திணிவினதும் கதியினதும் பெருக்கத்தைக் கொண்டார். 1686இல் லைப்னிற்ஸ் இதனை மறுத்து, திணிவை வேகத்தின் வர்க்கத்தாற் பெருக்கவேண்டும் என்றார். பொருளொன்று எவ்வளவு உயரத்துக்கு எழ வல்லது என்பதே அவர் கொண்ட உரைகல். இவ்விவாதம் தத்துவவாதிகளோடு நின்றுவிடவில்லை. நீர்ச்சில்லுகளை ஆராய்ந்து 1759இல் முடிவுகளை வெளியிட்ட பொறியியலாளர் ஜோன் சிமீற்றனுக்கு, எந்திரத்திலிருந்து பெறத்தக்க பயன் எவ்வளவு என்பதே வினா. 1829இல் கொரியோலிஸ் எந்திரங்களின் பயனைக் கணிப்பது பற்றிய நூலில், லைப்னிற்ஸின் அளவையை அரைவாசியாக்கி அதனை 'வேலை' என்னும் கருத்தோடு பொருத்தினார்.

அவ்வரைவாசியின் பொருளை மேற்கூறிய கப்பியே புலப்படுத்தும். உராய்வையும் கப்பியின் திணிவையும் புறக்கணிப்போம். திணிவுகள் ஓய்விலிருந்து ஒரு மீற்றர் இயங்கியதும் வேகத்தின் வர்க்கம் 0.98 ஆகும். மொத்தத் திணிவு 2 கிலோகிராம். ஆகவே லைப்னிற்ஸின் அளவை 1.96. ஆனால் புவியீர்ப்பு செய்த தேறிய வேலை 0.98 யூல் மாத்திரமே. அரைவாசியாக்கியபின்னரே இரு கணக்குக்களும் ஒன்றுபடுகின்றன.

இவ்விவாதத்தை 'இயற்கையின் இயங்கியல்' கையெழுத்துப் படிகளில் ஆராய்ந்த ஏங்கெல்ஸ், இரு அளவைகளுக்கும் தத்தம் களம் உண்டெனக் கண்டார். இயக்கம் இயக்கமாகவே கைமாறும்போது ஒன்றும், வேறு வடிவமாக மாறும்போது மற்றொன்றும் பொருந்தும் என்பது அவர் முடிபு.

சூத்திரத்தில் எண்களை இட்டு விடைகாணும் மாணவர் பரீட்சையிற் சித்தியெய்தலாம். எனினும், அந்த அரைவாசி உழைப்பையும் எந்திரத்தையும் அளக்க முனைந்த மனிதரின் தேவையிலிருந்து வந்தது என்பதை அவருக்கு நாம் சொல்வதில்லை. வரலாறு நீங்கிய விஞ்ஞானம் மனனப் பாடமாகவே எஞ்சும்.