வங்கப் புலியும் வாத்தியார்களும்

திருச்சிக்காரரான சி.வி.ராமன் 1917-இல் அரசாங்க நிதித்துறை உத்தியோகத்தை உதறிவிட்டு, கல்கத்தா பல்கலைக்கழகத்தில் பாலித் பேராசிரியரானார். மாதம் 1,100 ரூபாய் வாங்கியவர் 600 ரூபாய்க்கு வந்தார். நான் படித்த காலத்தில் இதை ராமனின் தியாகக் கதையாகத்தான் சொல்வார்கள். இயற்பியல் வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்ற எனக்கு, இப்போது அவரை அழைத்த மனிதர்மேல்தான் கண் போகிறது.

அந்த மனிதர் அசுதோஷ் முகர்ஜி, உயர்நீதிமன்ற நீதிபதி. கணித ஆய்வும் செய்தவர். 1906 முதல் 1914 வரை அந்தப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தர், 1921-இல் மறுபடியும். வங்கப் புலி என்ற அவரது பட்டப்பெயர் அந்த மீசைக்கும் பொருந்தும், குணத்துக்கும் பொருந்தும். தாரக்நாத் பாலித், ராஷ்பிஹாரி கோஷ் என்ற இரு வழக்கறிஞர்கள் அள்ளிக்கொடுத்த பணத்தில் 1914-இல் அறிவியல் கல்லூரிக்கு அடிக்கல் நாட்டினார். பாலித் பேராசிரியர் வெளிநாடு போய்ப் பயின்றிருக்க வேண்டும் என்பது நிபந்தனை. போகமாட்டேன் என்றார் ராமன். அசுதோஷ் நிபந்தனையைத் தளர்த்த வைத்து ஆளைப் பிடித்தார். ஆளை விட்டுவிட்டு விதியைக் கட்டிக்கொண்டு அழுத தலைவர்களிடம் வேலை பார்த்தவன் நான், பொறாமையாக இருக்கிறது.

1916-இல் சத்யேந்திரநாத் போஸும் மேகநாத் சாகாவும் விரிவுரையாளர்களாகச் சேர்ந்தார்கள். படித்து முடித்த ஈரம் காயாத பையன்கள். கணிதத் துறைத் தலைவர் கணேஷ் பிரசாத் பெரிய கணிதஞர்தான். ஆனால் அவரோடு இவர்களுக்கு ஒத்துப்போகவில்லை. வேறு ஊரில் என்றால் இருவரின் ஆர்வமும் அங்கேயே அவிந்திருக்கும். இங்கே இயற்பியலுக்கு மாற்றினார்கள். தங்களுக்கே யாரும் கற்றுத்தராத சார்பியலையும் குவாண்டம் கொள்கையையும் தாங்களே படித்துப் பாடம் நடத்தினார்கள். அதற்காக ஜெர்மன் மொழியையும் கற்றார்கள். 1920-இல் ஐன்ஸ்டைனின் கட்டுரைகள் இவர்களின் ஆங்கில மொழிபெயர்ப்பில் பல்கலைக்கழக வெளியீடாகவே வந்தன. சாகாவின் அயனியாக்கச் சமன்பாடும் அதே ஆண்டுதான். மறு ஆண்டு தத்துவத்துக்கு மைசூரிலிருந்து ராதாகிருஷ்ணனைக் கொண்டுவந்தார் அசுதோஷ்.

இதோடு நிறுத்தினால் அது புகழ்மாலை. 1922-இல் கஜானா காலி. ஆசிரியர் சம்பளம் மாதக்கணக்கில் பாக்கி. அரசு இரண்டரை லட்சம் ரூபாய் தருவதாகச் சொல்லி, கூடவே கட்டுப்பாடுகளையும் நீட்டியது. அந்தப் பணம் வேண்டாம் என்று செனட்டில் கர்ஜித்தார் அசுதோஷ். முதுநிலை ஆசிரியர்கள் சுதந்திரத்தை விடுவதைவிடப் பட்டினி கிடப்பார்கள் என்றும் அறிவித்தார். பேச்சு கம்பீரம்தான். ஆனால் பட்டினி கிடக்க வேண்டியவர் அவரல்லர். அவருக்கு நீதிபதிச் சம்பளம் தவறாமல் வந்துகொண்டிருந்தது. போஸ் அதற்கு முன்பே டாக்கா போயிருந்தார். 1923-இல் சாகா அலகாபாத்துக்குக் கிளம்பினார். அதே ஆண்டு, நிபந்தனையோடு பதவி நீட்டிப்புத் தருகிறேன் என்ற ஆளுநர் லிட்டனுக்கு மறுப்புக் கடிதம் எழுதிவிட்டு அசுதோஷும் வெளியேறினார்.

துணைவேந்தர் நாற்காலிக்குக் காத்திருப்பவர்களுக்கு ஒரு விண்ணப்பம். இளம் ஆசிரியர் விரும்பும் பாடத்தை நம்பி அவர் கையில் கொடுங்கள், அசுதோஷ் கொடுத்தாரே அப்படி. சம்பளத்தை மட்டும் மாதம் பிறந்ததும் போட்டுவிடுங்கள்.