ஒற்றை எண்ணுக்குப் பச்சரிசி

1905. கோலாலம்பூர் பைத்தியக்கார ஆஸ்பத்திரியில் நோயாளிகளின் கால்கள் வீங்கின, மரத்துப்போயின, ஒருநாள் இதயமும் நின்றது. பெரிபெரி! ஈயச் சுரங்கங்களிலும் இதே கூத்துதான். கட்டடத்தில் குடியிருக்கும் ஏதோ கிருமி என்று டாக்டர்கள் பலர் அடித்துச் சொன்னார்கள். நெகிரி செம்பிலானில் ஒருவர் மட்டும் கட்டடத்தை விட்டுவிட்டுச் சாப்பாட்டுத் தட்டைப் பார்த்தார்.

அவர் லியோனார்ட் பிராடன். சுரங்கத்துச் சீனர்கள் கொத்துக் கொத்தாகச் செத்தார்கள். தமிழர்களை நோய் பெரும்பாலும் அண்டவில்லை. சீனர்கள் தின்றது ஆலையில் வெள்ளை வெளேரென்று தீட்டிய சயாம் பச்சரிசி. தமிழர்களுக்கோ புழுங்கல் இல்லாமல் சோறு இறங்காது. அரிசியில்தான் கோளாறு என்றார் பிராடன். நம்பத்தான் ஆளில்லை.

டாக்டர் வில்லியம் ஃபிளெட்சர் அதைச் சோதித்துப் பார்த்துவிடுவது என்று இறங்கினார். டிசம்பர் 5 அன்று ஆஸ்பத்திரியின் சாப்பாட்டுக் கொட்டகையில் நோயாளிகளை வரிசையாக நிறுத்தி, இடப்பக்கமிருந்து எண் போட்டார். ஒற்றை எண்காரர்கள் முற்றத்தின் கிழக்கு வார்டுக்குப் போனார்கள். அவர்களுக்கு அதே சயாம் அரிசி. இரட்டை எண்காரர்களுக்கு மேற்கு வார்டு, இந்தியப் புழுங்கல். மற்றபடி எல்லாம் ஒரே சாப்பாடு. இன்றைக்கு எந்த ஆஸ்பத்திரியும் இதற்குச் சம்மதிக்காது. ஒருவேளை குற்றவாளி கட்டடம்தானோ? ஆறு மாதம் கழித்து இரு கூட்டத்தையும் வார்டு மாற்றினார். அவரவர் அரிசியும் கூடவே போனது.

1906 முடிந்தபோது கணக்கைக் கூட்டினார்கள். சயாம் அரிசி தின்ற 120 பேரில் 34 பேருக்குப் பெரிபெரி, 18 பேர் சாவு. புழுங்கல் தின்ற 123 பேரில் இரண்டே பேர். அவர்களும் வரும்போதே நோயோடு வந்தவர்கள். பிராடன் சொன்னது சரிதான். ஆனால் பச்சரிசியில் விஷம் இருந்ததா, அல்லது ஏதாவது குறைந்ததா?

கோலாலம்பூர் மருத்துவ ஆய்வுக் கழகத்தின் ஃபிரேசரும் ஸ்டான்டனும் அந்த முடிச்சை அவிழ்த்தார்கள். ஆலை உதறித் தள்ளிய தவிட்டில்தான் நோயைத் தடுக்கும் ஏதோ ஒன்று இருந்தது. ஜாவாவில் கோழிகளை வைத்து ஐக்மன் மோப்பம் பிடித்ததும் இதைத்தான். நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது அந்தச் சத்து அரிசிக்குள் இறங்கிக்கொள்கிறது. அப்புறம் தீட்டினாலும் பெரும்பகுதி தங்கிவிடும். நம் பாட்டிமார்கள் காரணம் தெரியாமலே காப்பாற்றியிருந்தார்கள்! சரி, அந்த 'ஏதோ ஒன்று' எது?

1912இல் காசிமிர் ஃபங்க் அதற்குப் பெயர் வைத்தார், பொருள் பிடிபடவில்லை. 1926இல் ஜாவாவின் பத்தாவியாவில் யான்சனும் டோனாத்தும் மூட்டை மூட்டையாகத் தவிட்டை வடித்து, அதைத் துளித்துளிப் படிகமாகப் பிரித்தார்கள். 1936இல் அமெரிக்காவில் ராபர்ட் வில்லியம்ஸ் தவிடே இல்லாமல் ஆய்வுக்கூடத்தில் அதைத் தயாரித்துக் காட்டினார். அவர் பிறந்த ஊர், அன்றைய சென்னை மாகாணத்து நெல்லூர்!

அதுதான் கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்ஸ் மருந்துக்கடையில் கேட்டதும் எடுத்து நீட்டும் வைட்டமின் பி1 மாத்திரை. குடியால் சத்திழந்து, நினைவு தடுமாறி மனநல வார்டுக்கு வருபவர்களுக்கு டாக்டர்கள் முந்திக்கொண்டு போடும் ஊசி மருந்தும் அதுவேதான்.