மாளிகை விற்பனைக்கு! (அஸ்திவாரம் நீங்கலாக)



ஆறாம் ஆண்டு மாணவர்களுக்கு விழுக்காடு கற்பிக்கும்பொழுது ஆண்டுதோறும் அதே சட்டையைத்தான் விற்கிறோம். 20 விழுக்காடு கழிவு, 30 விழுக்காடு கழிவு என்று விற்று விற்று எனக்கே சலித்துவிட்டது. ஆகவே, இம்முறை ஒரு வீட்டை விற்கலாம் என்று முடிவு செய்தேன். அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலஸ் நகரத்துப் பெல் ஏர் குன்றின்மீது நிற்கும் 'தி ஒன்' என்னும் மாளிகை அது. பரப்பளவு ஏறத்தாழ 105,000 சதுர அடி. படுக்கையறைகள் 21, குளியலறைகள் நாற்பதுக்கும் மேல். (குளித்து முடிப்பதற்குள் அடுத்த நாள் வந்துவிடும்!) கட்டியவர் கண்ட கனவு விலை 500 மில்லியன் டாலர். கடன் கழுத்தை நெரித்த பிறகு, 2022ஆம் ஆண்டின் தொடக்கத்தில் கேட்ட விலை 295 மில்லியன். அவ்வாண்டு மார்ச் மாத ஏலத்தில் கிடைத்ததோ 126 மில்லியன். "கேட்ட விலையிலிருந்து எத்தனை விழுக்காடு குறைந்தது?" என்று வினவினேன். "ஏறக்குறைய 57" என்றனர் பிள்ளைகள். மகிழ்ச்சி.

அப்பொழுது முன்வரிசையில் அமர்ந்திருந்த ஒரு மாணவி கை உயர்த்தினாள். "டீச்சர், அவ்வளவு பெரிய வீட்டை யார் கூட்டுவாங்க?"

வகுப்பே சிரித்தது. நானும்தான் சிரித்தேன். ஆனால் மாலையில் வீடு திரும்பியபின் அக்கேள்வி என்னை விடவில்லை. வீட்டு விளம்பரங்களில் நீச்சல்குளம் இருக்கும். பளிங்குத் தரை இருக்கும். குன்றிலிருந்து தெரியும் காட்சிகூட விலைக்கு இருக்கும். கூட்டுகிறவர் இருக்கமாட்டார். அம்மாணவிக்கு விடை சொல்ல வேண்டுமென்றால், என்னைப் பொறுத்தவரை பெல் ஏர் போதாது. இரு நூற்றாண்டுகள் பின்னோக்கி, இங்கிலாந்தின் வில்ட்ஷயர் மாவட்டத்திற்குச் செல்ல வேண்டும். 1822இல் அங்கே ஒரு மாளிகை விற்பனைக்கு வந்தது. அந்த விற்பனையைப் போன்ற ஒரு கூத்தை நான் வேறெங்கும் படித்ததில்லை.

மாளிகையின் பெயர் ஃபான்ட்ஹில் அபி. 'அபி' என்றால் துறவிகள் வாழும் மடம். இதில் ஒரு துறவிகூட வாழ்ந்ததில்லை. வாழ்ந்தவர் வில்லியம் பெக்போர்ட் என்னும் செல்வர். அவருடைய தந்தையார் இரு முறை லண்டன் மாநகரின் மேயராக இருந்தவர். 1770இல் தந்தை இறந்தபொழுது மகனுக்குப் பத்து வயதுகூட நிரம்பவில்லை. அந்த வயதிலேயே இங்கிலாந்தின் மிகப் பெரும் செல்வர்களுள் ஒருவராகிவிட்டார் அவர். அச்செல்வம் வந்த வழியைப் பிறகு பார்ப்போம்.

பெக்போர்ட் அறிவாளி, பல மொழிகள் அறிந்தவர், இளம் வயதிலேயே 'வாதெக்' என்னும் கதையை எழுதியவர். வானத்தின் இரகசியங்களை அறிய விரும்பிய ஒரு கலீபா மிக உயர்ந்த கோபுரம் ஒன்றைக் கட்டுவதும், இறுதியில் நரகத்தில் போய்ச் சேர்வதுமே அக்கதை. எழுதியதோடு நிறுத்தியிருக்கலாம். நம் கதாநாயகர் தாமும் ஒரு கோபுரம் கட்டப் புறப்பட்டார்!

இடையில் 1784இல் ஓர் அவதூறு எழுந்தது. மேல்தட்டுச் சமூகம் அவரை ஒதுக்கி வைத்தது. அவர் பல ஆண்டுகள் ஐரோப்பாவில் சுற்றினார். பின்னர் ஊர் திரும்பித் தம் நிலத்தைச் சுற்றி 12 அடி உயர மதிலை எழுப்பினார். அது பல கிலோமீட்டர் நீளம் கொண்டது. மற்றவர்களின் வேட்டை நாய்கள் தம் நிலத்தில் நுழைவது அவருக்குப் பிடிக்காதாம். 1796இல் மதிலுக்குள்ளே கட்டுமானம் தொடங்கியது.

கட்டடக் கலைஞர் ஜேம்ஸ் வயட், அக்காலத்தில் புகழின் உச்சியில் இருந்தவர். அவரிடம் ஒரேயொரு குறை: வேலை நடக்கும் இடத்திற்கு வரமாட்டார். ஒரே நேரத்தில் பல கட்டடங்களை ஒப்புக்கொண்டு எதையும் கவனிக்காதவர் அவர். (வீடு புதுப்பிக்கக் குத்தகையாளரை நாடிய பெற்றோர்களுக்கு இது புதிய செய்தியன்று!) உரிமையாளருக்கோ பொறுமை இல்லை. நூற்றுக்கணக்கான தொழிலாளர்கள் பகலும் இரவும் முறைவைத்து உழைத்தனர். குளிர்கால இரவுகளில் தீப்பந்த வெளிச்சத்தில் அவர்கள் கோபுரத்தின்மீது ஏறி இறங்குவதைக் கண்டு களிப்பது பெக்போர்டின் பொழுதுபோக்கு. விரைவாக முடிக்க வேண்டுமே என்று மரச்சட்டங்களின்மேல் ஒருவகைக் காரையைப் பூசிக் கோபுரத்தை எழுப்பினார்கள்.

1800ஆம் ஆண்டில் பலத்த காற்று வீசியது, கோபுரம் விழுந்தது. விழுந்த காட்சியைத் தம் கண்ணால் பார்க்க முடியவில்லையே என்பதுதான் உரிமையாளரின் ஒரே வருத்தம் என்று சொல்வார்கள். மறுபடியும் கட்டினார்கள். அவ்வாண்டு டிசம்பரில் கடற்படைத் தளபதி நெல்சன் விருந்தினராக வந்தபொழுதும் மாளிகை முடியவில்லை. தீப்பந்தங்கள், இசை, முக்காட்டு அங்கி அணிந்த பணியாளர்கள் என்று எல்லாம் ஏற்பாடாகியிருந்தன. இரவில் விருந்து வைத்ததன் காரணம் அழகா, அரைகுறைச் சுவர்களை இருள் மறைக்கட்டும் என்பதா என்று எனக்கு ஓர் ஐயம் உண்டு.

1807 அளவில் பெக்போர்ட் அங்கே குடியேறினார். தந்தையார் கட்டிய உறுதியான பழைய வீட்டின் பெரும்பகுதியை இடித்துவிட்டார். புதிய மாளிகையின் கோபுரம் ஏறத்தாழ 276 அடி. நம் வீடமைப்புப் பகுதிகளில் எழும் 25 மாடிக் கட்டடங்களோடு ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். நுழைவாயிற் கதவு முப்பது அடிக்கும் மேல் உயரம். அது மேலும் உயரமாகத் தோன்ற வேண்டும் என்பதற்காகக் குள்ளமான பணியாளர் ஒருவரைக் கொண்டு திறக்கச் செய்தார் என்பது பரவலாகச் சொல்லப்படும் கதை. பன்னிருவருக்குச் சமைக்கச் சொல்லிவிட்டுத் தாம் மட்டும் தனியே உண்டார் என்பது இன்னொரு கதை. சமூகம் ஒதுக்கி வைத்ததால் விருந்துக்கு வருபவர் மிகக் குறைவு. ஈரம் ஏறிய அந்தப் பெருங்கூடங்களைக் காயவைக்கக் கோடைக்காலத்திலும் கணப்புகள் எரிந்தவண்ணம் இருந்தன என்று எழுதியிருக்கிறார்கள். அத்தனை கணப்புகளுக்கும் விறகு சுமந்தவர் யார்? சாம்பல் அள்ளியவர் யார்? என் மாணவி கேட்டிருப்பாள்.

சர்க்கரை விலை சரிந்தது. தோட்டங்கள் சில வழக்குகளில் கைவிட்டுப் போயின. கடன் ஏறியது. 1822இல் மாளிகையை ஏலம் விடும் பொறுப்பு கிறிஸ்டீஸ் நிறுவனத்திடம் வந்தது. அதுவரை மதிலுக்கு வெளியே நின்று ஏங்கிய நாட்டு மக்களுக்குக் கதவு திறந்தது. ஏலப் பட்டியலின் விலை ஒரு கினி, அதாவது 21 சில்லிங். அதை வாங்குபவரே உள்ளே வரலாம். 72,000 பட்டியல்கள் விற்றன என்று கூறுவர். அந்தத் தொகை சற்றே மிகையானாலும், கூட்டம் மிகையில்லை. சுற்றுவட்டாரத்து விடுதிகளில் இடமில்லை. சாலைகளில் குதிரை வண்டிகள் நெருக்கியடித்தன. வாங்குவதற்கு வந்தவர்கள் அல்லர் அவர்களில் பெரும்பாலோர். வாங்க முடியாததைப் பார்க்க வந்தவர்கள். இன்றைக்குக் கைப்பேசியில் பெல் ஏர் வீட்டைப் பார்க்கும் நாமும் ஏறக்குறைய அப்படித்தானே!

ஏல நாள் ஒத்திவைக்கப்பட்டது; மீண்டும் ஒத்திவைக்கப்பட்டது. இறுதியில் ஏலமே நடைபெறவில்லை. திரைமறைவில் ஒருவர் ஏறத்தாழ 330,000 பவுனுக்கு மொத்தமாக வாங்கிவிட்டார்.

அவர் பெயர் ஜான் ஃபார்க்கர். ஸ்காட்லாந்துக்காரர், இளமையில் இந்தியா சென்று, வங்காளத்தில் வெடிமருந்து தயாரித்து விற்றுப் பெரும் பணம் சேர்த்தவர். பணத்தைச் சேர்க்கத் தெரிந்த அவருக்குச் செலவழிக்க மட்டும் தெரியவில்லை. தாயகம் திரும்பியபொழுது வண்டிக்கூலிக்கு அஞ்சி லண்டனுக்கு நடந்தே சென்றாராம். புழுதி படிந்த கந்தலாடையைக் கண்ட வங்கி ஊழியர்கள் பிச்சைக்காரர் என்று நினைத்துக் காக்க வைத்தார்களாம். அப்பேர்ப்பட்டவர் வாங்கிய வீடு இது! மறு ஆண்டே பிலிப்ஸ் என்னும் ஏலக்காரரைக் கொண்டு உள்ளிருந்த பொருள்களை வாரக்கணக்கில் ஏலம் விட்டார். பழைய உரிமையாளரே ஆள் அனுப்பித் தம் பொருள்கள் சிலவற்றைத் திரும்ப வாங்கிக்கொண்டார் என்பது இந்தக் கூத்தின் சுவையான பகுதி.

இதன்பின் நடந்ததாகச் சொல்லப்படுவதைக் கேளுங்கள். கட்டுமானத்தை மேற்பார்வையிட்ட ஒருவர் மரணப்படுக்கையில் பெக்போர்டை அழைத்து உண்மையைச் சொன்னார்: கோபுரத்தின் அடியில் எழுப்ப வேண்டிய அஸ்திவார வளைவுகளுக்குப் பணம் வாங்கியாயிற்று, வளைவுகளைக் கட்டவில்லை. பெக்போர்ட் அச்செய்தியைப் புதிய உரிமையாளருக்குத் தெரிவித்தார். "என் ஆயுள் வரைக்கும் தாங்கும்" என்ற பொருள்பட விடை வந்தது. (சிக்கனக்காரர் அல்லவா!)

1825 டிசம்பர் 21ஆம் நாள் கோபுரம் சரிந்தது; மாளிகையின் பெரும்பகுதி அதனடியில் நொறுங்கியது. நல்லவேளையாக உயிர்ச்சேதம் இல்லை. 'இப்பொழுது வீடு எனக்கு அளவாக இருக்கிறது' என்பதுபோல் ஃபார்க்கர் பேசினாராம். பெக்போர்டும் சளைத்தவரல்லர். தமக்கு ஒருநாளும் தலைவணங்காத கோபுரம் ஃபார்க்கருக்கு வணங்கிவிட்டதே என்றாராம். ஃபார்க்கர் 1826இல் உயில்கூட எழுதாமல் இறந்தார். ஆக, கோபுரம் அவர் ஆயுளைவிட ஏறத்தாழ ஆறரை மாதம் முன்னதாகவே விழுந்துவிட்டது.

இதுவரை சிரித்தோம். இனி, பிறகு பார்ப்போம் என்று ஒதுக்கி வைத்த செய்திக்கு வருகிறேன்.

பெக்போர்ட் குடும்பத்தின் செல்வம் ஜமைக்காத் தீவின் கரும்புத் தோட்டங்களிலிருந்து வந்தது. ஆப்பிரிக்காவிலிருந்து கடத்திவரப்பட்டவர்களும் அவர்தம் பிள்ளைகளும் ஆயிரக்கணக்கில் அங்கே அடிமைகளாகக் கரும்பு வெட்டினர். ஏலப் பட்டியலில் ஓவியங்களுக்கும் பீங்கான்களுக்கும் எண் இருந்தது. இவர்களின் பெயர்கள் அதில் இல்லை. தோட்டங்களைக் காண 1787இல் கப்பலேறிய பெக்போர்ட், லிஸ்பனில் இறங்கிக்கொண்டார். வாழ்நாளில் ஒருமுறைகூட ஜமைக்கா மண்ணை அவர் மிதிக்கவில்லை.

1834இல் பிரிட்டிஷ் பேரரசின் பெரும்பகுதியில் அடிமை முறை சட்டப்படி முடிவுற்றது. அதற்காக அரசாங்கம் 20 மில்லியன் பவுன் இழப்பீடு வழங்கியது. பெற்றவர்கள் உரிமையாளர்கள், பெக்போர்டும் பெற்றார். உழைத்தவர்களுக்கு ஒரு காசும் இல்லை. கரும்புக்கோ ஆள் வேண்டும். அவ்வாண்டிலிருந்தே மொரிசியசுக்கும், 1845இலிருந்து ஜமைக்காவுக்கும் இந்தியர்களை ஒப்பந்தக் கூலிகளாக ஏற்றிச் சென்றனர். நம் செபராங் பிறையின் கரும்புத் தோட்டங்களுக்கும் அந்நூற்றாண்டில் தமிழர்கள் ஒப்பந்தத்தில் வந்தார்கள். கரும்பு போய் ரப்பர் வந்தது. என் தாத்தா பால்மரம் வெட்டியவர். அவருடைய லயத்து வீட்டில் இருந்தவை ஓர் அறையும் ஒரு குசினியும். அதைக் கூட்ட பாட்டிக்கு ஐந்து நிமிடம் போதும். தோட்டத்துரையின் பங்களாவையும் பாட்டிதான் கூட்டினார். அதற்கு அரை நாள்.

பத்து காஜாவுக்கு மாணவர்களைக் கல்விச் சுற்றுலா அழைத்துச் செல்லும் ஆசிரியர்கள் கெல்லி மாளிகையைப் பார்த்திருப்பீர்கள். ரப்பர் பணத்தில், தமிழ்த் தொழிலாளர்களைக் கொண்டு கட்டப்பட்டுப் பாதியில் நின்றது அது. அதன் உரிமையாளரும் 1926இல் லிஸ்பனில்தான் இறந்தார். முடியாத மாளிகைகளுக்கும் அந்நகருக்கும் என்ன உறவோ! அவர் மனைவியும் சொத்தை விற்றுவிட்டுத்தான் போனார். பேய் இருக்கிறதா என்று பிள்ளைகள் கேட்பார்கள். செங்கல் சுமந்தவர்கள் எந்த ஊர், எத்தனை பேர் என்று கேட்க வைப்பது நம் கையில் இருக்கிறது.

பெக்போர்டுக்குக் கோபுரப் பித்து தெளியவில்லை. மாளிகையை விற்ற பணத்தில் பாத் நகருக்குக் குடிபெயர்ந்து, அங்குள்ள குன்றின்மேல் 120 அடியில் இன்னொரு கோபுரம் கட்டினார். 1827இல் முடிந்த அது இன்றும் நிற்கிறது. (அஸ்திவாரத்தை இம்முறை சரிபார்த்திருப்பார்.) தம் நாயைப் புதைத்த அந்தத் தோட்டத்திலேயே தம்மையும் புதைக்க வேண்டும் என்பது அவர் விருப்பம். 1844இல் அவர் இறந்தபொழுது அது புனிதப்படுத்தப்படாத நிலம் என்பதால் வேறோர் இடத்தில் அடக்கம் செய்தனர். கோபுரமும் விற்பனைக்குப் போயிற்று. வாங்கிய மதுக்கடைக்காரர் அதைப் பீர் அருந்தும் பூங்காவாக மாற்றினார். மகளுக்குப் பொறுக்கவில்லை. அவர் அதைத் திரும்ப வாங்கி, இடுகாடாக்கும்படி தேவாலயத்திற்குக் கொடுத்தார். அதன் பிறகே, 1848இல், பெக்போர்ட் தம் தோட்டத்திற்குத் திரும்பி வந்தார். கோபுரம் இப்பொழுது அருங்காட்சியகம். 2024இல் புதுப்பித்துத் திறந்தபொழுது, ஜமைக்காவில் கரும்பு வெட்டியவர்களின் கதையையும் அங்கே சேர்த்திருக்கிறார்கள்.