ஆசானும் நாடாவும்: பங்கிராத்தியன், சிலம்பம், மலையகம் குறித்துச் சில சிந்தனைகள்

உடலாற் பயிலப்படும் கலையொன்று ஆசானின்றிக் கைமாறுதல் இயலுமா என்னும் வினா, இன்று மஸ்கெலியாத் தோட்டங்களின் லயத்து முற்றங்களிலும் எழக்கூடிய வினாவாகிவிட்டது. கைத்தொலைபேசி வைத்திருக்கும் இளைஞனொருவன், பண்டைக் கிரேக்கரின் பங்கிராத்தியன் என்ற பெயரில் அமெரிக்காவிலே தயாரான பயிற்சி வீடியோவைப் பார்த்து, அதன் பிடிகளைத் தன் நண்பனோடு பழகத் தொடங்கலாம். இதனை வெறும் பொழுதுபோக்கென ஒதுக்கிவிடுதல் எளிது. ஆயின், அத்தகைய முற்றங்களில் அவன் பாட்டன் காலத்திற் கம்பு சுழன்றது என்பதையும், அது ஏன் ஓய்ந்தது என்பதையும் சேர்த்து நோக்குமிடத்து, இது வரலாற்று மாணவரின் கவனத்துக்குரிய பொருளாகின்றது.

'எல்லா வலிமையும்' எனப் பொருள்படும் பங்கிராத்தியன், கி.மு. 648இல், 33ஆவது ஒலிம்பிய விழாவிலே போட்டியாகச் சேர்க்கப்பட்டதென்பது மரபு. குத்துச்சண்டையும் மற்போரும் ஒன்றாய்க் கலந்த போர் அது. உதைக்கலாம், வீழ்த்தலாம், மூட்டை முறுக்கலாம், கழுத்தை நெரிக்கலாம். கடித்தலும் கண்ணைத் தோண்டுதலுமே விலக்கப்பட்டிருந்தன. கி.மு. 5ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தைச் சேர்ந்த கிண்ணமொன்றில், எதிரியின் கண்ணிற் கைவைத்தவனை அடிக்க நடுவர் கோலோங்கி நிற்குங் காட்சி தீட்டப்பட்டுள்ளது. பிகாலியா நகரத்து அரிக்கியோன் என்பான், கி.மு. 564இல், கழுத்து நெரிபட்ட நிலையிலும் எதிரியின் காலை முறித்தான். எதிரி தோல்வியை ஒப்புக்கொண்ட அதே வேளையில் அவனது உயிரும் பிரிந்தது. பிணத்துக்கே வெற்றிமாலை சூட்டினர். கி.பி. 4ஆம் நூற்றாண்டின் இறுதியில், கிறித்தவ உரோமப் பேரரசின் கீழ் இவ்விழாக்கள் அருகி மறைந்தபோது, இக்கலையைத் தாங்கி நின்ற பயிற்சிக்கூடங்களும் ஆதரவிழந்தன.

எஞ்சியவை கலயங்களும் சிலைகளும் சில எழுத்துக்களுமே. அவற்றுள் எமது பொருளுக்கு மிக நெருங்கியது எகிப்தின் ஒக்சிரிங்கசுக் குப்பைமேடுகளிற் கிடைத்த பப்பைரசுத் துண்டு ஒன்று. கி.பி. 2ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த இதனைக் கிரென்பெல், ஹண்ட் ஆகிய இருவரும் 1903இல் வெளியிட்டனர். மற்போர்ப் பயிற்சிக்கான கட்டளைகள் இதில் வரிசையாக உள்ளன. முதலில் ஒருவனுக்கு ஏவல், பின்பு மற்றவனுக்கு மறு ஏவல், ஈற்றிலே இருவரும் பின்னிப் பொருதுமாறு ஓர் ஆணை என்ற அமைப்பு திரும்பத் திரும்ப வருகின்றது. பயிற்சி வீடியோவின் மூதாதை இதுவே எனலாம். ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. எந்தப் பிடி எப்படியிருக்கும் என்பதை இவ்வேடு விளக்குவதேயில்லை. படிப்பவர் அதனை ஏற்கெனவே அறிந்தவர் என்பது அதன் எடுகோள். ஆசான் இருந்தாலன்றி அது பயன்படாது. ஆசான் மறைந்தபின் இன்று அறிஞர்கள் ஒவ்வொரு சொல்லின் பொருளையும் ஊகித்துக் கொண்டிருக்கிறார்கள்.

தொடர்ச்சி அறுந்த இக்கலையை, கிரேக்க வமிசாவளியினரான ஜிம் ஆர்வானிட்டிஸ் என்ற அமெரிக்கர் 1960களின் இறுதியிலிருந்து மீளக் கட்ட முற்பட்டார். குத்துச்சண்டை, மற்போர், தாய்லாந்துக் குத்து, பிரெஞ்சு உதைச்சண்டை முதலியவற்றை இணைத்து அவர் அமைத்த முறை 'மூ தௌ' எனப் பெயர் பெற்றது. 1973இல் அமெரிக்கப் போர்க்கலைச் சஞ்சிகையொன்றின் அட்டையில் அவர் தோன்றினார். நூல்களும் வீடியோ நாடாக்களும் தொடர்ந்தன. இது பழைய பங்கிராத்தியன் அன்று. இருபதாம் நூற்றாண்டின் கலவைக் கலைக்குக் கிரேக்கம் தந்த பெயரும் உந்துதலுமே. அதனை எள்ளி நகையாட எமக்கு உரிமையில்லை. சிலம்பத்துக்கு ஐயாயிரம் ஆண்டு வயது கற்பித்து மேடைகளில் முழங்குவோர் எம்மிடையேயும் உளர்.

தமிழ்ச் சான்றுகளிலும் இதே சிக்கல் உண்டு. போரவைக் கோப்பெருநற்கிள்ளி ஆமூர் மல்லனை வீழ்த்தியதைச் சாத்தந்தையார் புறநானூற்றிலே பாடியுள்ளார். ஒரு கால் மார்பை அழுத்த, மறு கால் எதிரியின் சூழ்ச்சியைத் தடுத்து முதுகுப்புறம் வளைந்து நின்ற நிலையை அவர் மிக நுட்பமாகக் கண்டிருக்கிறார். மகனோடு பகைத்திருந்த தந்தை தித்தன் இதனைக் காணவேண்டுமே என்பதுதான் புலவரின் ஏக்கம். ஆனால் அந்நிலைக்கு அவன் எவ்வாறு வந்து சேர்ந்தான் என்பதைப் பாட்டும் கூறவில்லை; கிரேக்கக் கலயமும் கூறுவதில்லை. தென்தமிழ்நாட்டு வர்ம ஏடுகளோ, வேண்டுமென்றே பரிபாடையில் மறைத்துச் சொல்லி, திறவுகோலை ஆசானின் வாயிலேயே வைத்தன. அம்மறைப்புக்குப் பாதுகாப்புக் காரணம் உண்டு. அறிவைச் சிலரின் உடைமையாக வைத்திருக்கும் காரணமும் உண்டு.

பத்தொன்பதாம் நூற்றாண்டிற் கோப்பிக்கும், பின்னர் தேயிலைக்குமாகத் திருச்சி, மதுரை, இராமநாதபுரம், சேலம், புதுக்கோட்டைப் பகுதிகளிலிருந்து கொண்டுவரப்பட்ட மக்கள், ஏடு எதனையும் சுமந்து வந்தவரல்லர். அவர்கள் கொணர்ந்தது உடம்பிற் படிந்திருந்த அறிவு. காமன் கூத்து, அர்ச்சுனன் தபசு, பொன்னர் சங்கர் ஆகியவற்றோடு கம்படியும் மலையேறி வந்தது. வேடனாய் வந்த சிவனோடு அர்ச்சுனன் முதலில் வில்லாலும், பின் வெறுங்கையாலும் பொருத கதையையே தபசுக் கூத்து நடுநாயகமாகக் கொண்டிருப்பது நோக்கத்தக்கது. வெற்றிலை பாக்கு வைத்து ஆசானை வணங்குதல், நெற்றியளவு கம்பு, காலடி, வீச்சு, தட்டு, அதன்பின் வெறுங்கைக் குத்துவரிசையும் பிடிகளும் என்பது பொதுவான பயிற்சி ஒழுங்கு. விடியற்காலைப் பெரட்டுக்கு நிற்கவேண்டிய தொழிலாளிக்கு அந்திப்பொழுதே பள்ளிக்கூடம்.

இதனைப் பொற்காலமாகச் சித்திரித்தல் தவறாகும். திருவிழாவின் செலவும் முதன்மையும் பெரிய கங்காணிமார் கையிலிருந்தன. அவர்கள் ஆதரவில் ஆடப்பட்ட கம்பு அவர்களது செல்வாக்கின் காட்சியாகவும் அமைந்தது. சாதி எல்லைகள் களத்திலும் இருந்தன. நாள் முழுதும் கொழுந்து பறித்த பெண்கள் பெரும்பாலும் வட்டத்துக்கு வெளியே நின்றனர். 1940 சனவரியில் முல்லோயாத் தோட்டத்திற் பொலிசாரின் குண்டுக்குக் கோவிந்தன் பலியானபோது, தொழிலாளரின் வலிமை கம்பிலன்று, சங்கத்திலேயே இருக்கிறது என்ற உணர்வு முனைப்புற்றிருந்தது.

தொடர்ச்சியை அறுத்த பெருங்காரணி அரசியலே. 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் இம்மக்களை நாடற்றவராக்கியது. 1964 அக்டோபரிற் கைச்சாத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்குமாகப் பங்கிட்டது. 1984இற் கப்பற் சேவை நின்றுபோகும்வரை 3 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் தலைமன்னார் வழியே போயினர். அவர்களை ஏற்றிச் சென்ற புகைவண்டியை மக்கள் 'ஒப்பாரிக் கோச்சி' என்றழைத்தனர். ஆசான் ஒரு கப்பலிலும் மாணாக்கர் வேறொன்றிலும் போக நேரும்போது, அன்றேல் ஒருவர் போக மற்றவர் தங்கிவிடும்போது, இருவர் இல்லாமல் நிகழ முடியாத கலை எவ்வாறு நிலைக்கும்? மஸ்கெலியாவுக்கு மேலும் ஓர் இழப்பு நேர்ந்தது. மவுஸ்ஸாக்கலை நீர்த்தேக்கத்துக்காக 1960களின் இறுதியிற் பழைய நகரமே நீருள் மூழ்கியது. கடும் வறட்சியில் நீர் வற்றும்போது பழைய கோவிலும் விகாரையும் பள்ளிவாசலும் இன்றும் தலைகாட்டுகின்றன. கல் மீண்டும் தெரிகின்றது. கோவில் முற்றத்தில் நிகழ்ந்தவை தெரிவதில்லை.

இவ்வெற்றிடத்திலேயே திரை நுழைந்தது. கண்டிச் சீமையிற் பிறந்த எம்.ஜி.ஆர். படங்களிற் சுழற்றிய கம்பு, புரூஸ் லீயின் 1973ஆம் ஆண்டுப் படம், 1982இல் ரூபவாகினி, பின்னர் வீடியோ நாடா, இப்போது கைத்தொலைபேசி. திரைவழிக் கல்வியை முற்றாக நிராகரிப்பது பிற்போக்கான நிலைப்பாடாகும். வெற்றிலைத் தட்டும் சாதியும் கேளாமல், பெண்ணையும் விலக்காமல், காசு பெரிதும் இல்லாதவனுக்கும் காட்டும் முதல் ஆசான் அது. வர்ம ஏடு மறைத்ததை அது மறைப்பதில்லை.

எனினும் அது காட்டாதவை உள. எதிர்நிற்பவரின் வலது எமக்கு இடதாகத் தோன்றும். கம்பிற் கைமாறினால் வரிசை முழுதும் மாறிவிடும். தூரம், வேகம், எதிராளியின் எடை ஆகியவற்றைக் கண் அளந்தறியாது. கழுத்துப் பிடியை எந்தக் கணத்தில் விடவேண்டும் என்பதை அரிக்கியோனின் எதிரியே அறிந்திலன். பார்த்துப் பழகும் இருவர் எவ்வாறு அறிவர்? எல்லாவற்றினும் மேலாக, திரை மாணாக்கனைப் பார்ப்பதில்லை. ஆசானின் பணியிற் பெரும்பகுதி காட்டுவதன்று, பார்ப்பதே. காலடி பிசகும்போது கம்பால் மெல்லத் தட்டுவதே.

ஆகவே மலையகத்தின் மூத்த ஆசான்மாரைப் படம்பிடிக்க முன்வருவோர் விழாமேடை ஆட்டத்தை மட்டும் பதிவுசெய்தல் போதாது. பயிற்சி நிகழும் அந்தியில், கற்பவர் ஒருவரையும் உடன் நிறுத்தி, முன்பக்கமும் முதுகுப்பக்கமுமாக இரு கோணங்களிற் பிடித்தல் வேண்டும். மாணாக்கர் செய்யும் பிழைகளையும் ஆசான் அவற்றைத் திருத்துமாற்றையும் வெட்டியெறியாது விடுதல் வேண்டும். ஒவ்வோர் அசைவுக்கும் அவர் வாயில் வழங்கும் பெயரையும், அவருக்கு அதனைக் கற்பித்தவர் எந்தத் தோட்டத்தில் எந்தப் பிரட்டில் இருந்தார் என்பதையும் கேட்டுக் குறித்தல் வேண்டும்.